தெளிக்காமல் விட்ட பாத்தி: உரமும் பூஞ்சாண மருந்தும் வேலை செய்கிறதா என்று பார்ப்பது எப்படி?

கார்த்திகை மாதத்தில் காவிரி டெல்டாவின் எந்த உரக்கடையில் நின்றாலும் இப்படி ஒரு பேச்சு காதில் விழும். "அண்ணே, பயிர் கொஞ்சம் மஞ்சளா நிக்குது, இலையில புள்ளி வேற." கடைக்காரருக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. ஒரு பூஞ்சாண மருந்து, ஒரு டானிக், துணைக்கு ஒரு பூச்சி மருந்து. "மூணையும் ஒரே டேங்குல கலந்து அடிங்க, பத்து நாள்ல பச்ச கட்டிடும்." பத்து நாளில் பச்சை கட்டியும் விடும். அடுத்த வருடமும் அதே மூன்று புட்டிகள்.

பச்சை கட்டியது எதனால்? மூன்றில் எது வேலை செய்தது? இடையில் போட்ட மேலுரமா? மழை விட்டு நாலு நாள் வெயில் அடித்ததா? யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழிதான் இருக்கிறது: அதே வயலில், அதே நாளில், கொஞ்சம் இடத்தை மருந்து அடிக்காமல் விட்டுவைப்பது. களப்பரிசோதனை என்றால் அடிப்படையில் இவ்வளவுதான். ஆராய்ச்சி நிலையங்களில் பார்க்கிற பெயர்ப்பலகைகள், வண்ணக் கொடிகள், கணக்குகள் எல்லாம் அந்த ஒப்பீடு நம்மை ஏமாற்றிவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடுகள்.

இந்தக் கட்டுரையில் நெல்லையும் குலை நோயையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வாழை, நிலக்கடலை, மிளகாய் எதற்கும் முறை ஒன்றுதான். ஆனால் உரமும் நோயும் எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்பது குலை நோயில் தெரிகிற அளவுக்கு வேறெங்கும் அவ்வளவு தெளிவாகத் தெரியாது.

உரமும் நோயும் தனித்தனி இல்லை

குலை நோய் ஒரு பூஞ்சாணத்தால் வருவது. இலையில் இரண்டு முனையும் கூராக, நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்புமாக, கண் வடிவத்தில் புள்ளி விழும். இலையோடு நின்றால் பயிர் பெரும்பாலும் தேறிவிடும். கதிரின் கழுத்தைப் பிடித்தால்தான் வினை. கழுத்து கறுத்து, மேலே போக வேண்டிய சத்து தடைபட்டு, கதிர் பதராகும். சில நேரம் கழுத்தே ஒடிந்து தொங்கும். இரவில் 20 டிகிரியை ஒட்டிய குளிர், விடிந்து நெடுநேரம் ஆகியும் காயாத பனி, மப்பும் மந்தாரமுமான வானம் ஆகியவை அதற்குப் பிடித்தவை. சம்பா பயிர் கதிர் வாங்கும் மாதங்களில் டெல்டாவில் இதெல்லாம் சேர்ந்தே வரும்.

அதற்குப் பிடித்த இன்னொன்று யூரியா. யூரியா தருகிற தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் இலை அகலமாக, கரும்பச்சையாக, மென்மையாக வளரும். தூர் நெருங்கி உள்ளே காற்றோட்டம் குறையும், பனி காயாது. நெற்பயிரின் இலைக்குக் கவசம்போல் இருக்கும் சிலிக்கானின் அளவும் குறையும். பூஞ்சாணம் நுழைவதற்கு இதைவிட வசதி வேண்டுமா?

ஆனால் உரமே போடாவிட்டால் நோய் வராது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நெல்லில் செம்புள்ளி நோய் என்று ஒன்று உண்டு. அது பெரும்பாலும் சத்தில்லாத, சாம்பல் சத்து (பொட்டாசியம்) குறைந்த, வறண்டு வாடிய நிலங்களைத் தேடி வரும். ஒரே வயலில் ஊட்டம் கூடினால் ஒரு நோய், குறைந்தால் இன்னொரு நோய். அதனால் "எந்த உரம் நல்லது" என்று ஒரு தனிச் சோதனை, "எந்த மருந்து நல்லது" என்று இன்னொரு தனிச் சோதனை நடத்தினால் பாதிக் கதைதான் கிடைக்கும். இரண்டையும் ஒரே வயலில் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது எப்படி என்பதற்குக் கொஞ்சம் பின்னால் வருகிறேன்.

பழைய கதை இரண்டு

பூஞ்சாண மருந்துகளில் பெரும் புகழ் பெற்ற போர்டோ கலவை, திருட்டைத் தடுக்கப் போய்க் கிடைத்தது. பிரான்சில் போர்டோ நகரத்தை ஒட்டிய திராட்சைத் தோட்டங்களில், சாலையோரக் கொடிகளில் மட்டும் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளிப்பார்கள். பழம் நீலம் பூத்து அசிங்கமாகத் தெரியும், வழிப்போக்கர்கள் பறிக்க மாட்டார்கள். 1882-இல் அடிச்சாம்பல் நோய் தோட்டங்களை மொட்டையடித்துக்கொண்டிருந்தபோது, அந்தச் சாலையோர வரிசைகளில் மட்டும் இலை உதிராமல் நிற்பதை மியார்தே என்ற தாவரவியல் பேராசிரியர் பார்த்தார். பார்த்ததும் ஊரைக் கூட்டிச் சொல்லிவிடவில்லை. திரும்பத் திரும்பத் தெளித்துப் பார்த்து, 1885-இல்தான் வெளியிட்டார். உள்ளே இருந்த தெளிக்காத வரிசைகள் இல்லாமல் போயிருந்தால் சாலையோர வரிசை அவர் கண்ணில் பட்டிருக்காது. இன்றும் மிளகுக் கொடிக்கும் பாக்கு மரத்துக்கும் இங்கே அடிப்பது அதே கலவைதான்: 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ.

உரத்தின் கதை இங்கிலாந்தில், ரோதாம்ஸ்டெட்டில். லாஸ், கில்பர்ட் என்ற இருவர் 1843-இல் பிராட்பாக் என்ற வயலில் கோதுமையை வைத்து ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். ஒரு பட்டைக்குத் தொழுவுரம், ஒரு பட்டைக்கு ரசாயன உரம், ஒரு பட்டைக்கு ஒன்றுமே இல்லை. அந்தச் சோதனை இன்னும் நடக்கிறது. ஒன்றுமே போடாத பட்டை நூற்றெண்பது வருடமாகப் பட்டினி கிடந்தும் ஹெக்டேருக்குச் சுமார் ஒரு டன் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்த ஒரு டன் தெரிந்ததால்தான் மற்றப் பட்டைகளில் மண் எவ்வளவு தந்தது, உரம் எவ்வளவு தந்தது என்று பிரிக்க முடிகிறது. நம் கோயம்புத்தூரிலும் 1909-இல் இதே பாணியில் ஒரு நிரந்தர உரச் சோதனையைத் தொடங்கினார்கள். இன்றைய வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் அது தொடர்கிறது.

ரோதாம்ஸ்டெட்டுக்கு 1919-இல் ஃபிஷர் என்ற கணித நிபுணர் வந்தார். எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்று மனிதன் தேர்ந்தெடுக்கக் கூடாது, சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும் என்பதை வயல்வெளிச் சோதனையின் விதியாக்கியவர் அவர். ஏன் என்பது வயலில் இறங்கினால்தான் புரியும்.

வயல் எங்கும் ஒன்றல்ல

மடை பக்கம் ஒரு மாதிரி, கடைசி வரப்புப் பக்கம் வேறு மாதிரி. தண்ணீர் நுழையும் இடத்தில் வண்டல் படியும், உரம் கரைந்து கீழே இறங்கும். போன வருடம் நாற்றங்கால் இருந்த மூலை, எருக்குப்பை கொட்டி வைத்த இடம், தென்னை நிழல் விழும் ஓரம் எல்லாம் தனித்தனி நிலம்தான். நீங்களே தேர்ந்தெடுத்தால் புது மருந்தை அறியாமலே நல்ல இடத்தில் அடிப்பீர்கள். பயிர் நன்றாக இருக்கிற இடத்தில்தானே கை போகும்? பிறகு அங்கே விளைச்சல் கூடியது மருந்தாலா, மண்ணாலா?

இதற்கு மூன்று காப்பு உண்டு. முதலாவது, சும்மா விட்ட பாத்தி. அது இல்லாத சோதனை சோதனையே இல்லை. இரண்டாவது, ஒவ்வொன்றையும் மூன்று நான்கு இடத்தில் திரும்பச் செய்வது. மூன்றாவது, சீட்டு. வயலை மடையிலிருந்து கடைசி வரை மூன்று தொகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் எல்லாச் சிகிச்சையும் (சோதித்துப் பார்க்கிற ஒவ்வொரு உர, மருந்து முறையும்) ஒருமுறை வரும்படி வைத்து, எது எந்தப் பாத்தி என்பதைத் தொகுதிக்குத் தொகுதி புதிதாகச் சீட்டுப் போட்டு முடிவு செய்தால் போதும். மடை பக்கத்து வளம் எல்லாச் சிகிச்சைக்கும் சமமாகக் கிடைத்துவிடும், கடைசி வரப்பின் வறுமையும் அப்படியே.

கம்பெனிக்காரர்கள் ரோட்டோரத்தில் போடுகிற செயல்விளக்கத் திடல்களைப் பற்றி ஒரு வார்த்தை. பலகை பெரிதாக இருக்கும், பயிரும் ஜோராக நிற்கும். பக்கத்தில் அதே ரகம், அதே நடவு நாள், அதே உரம், மருந்து மட்டும் இல்லாத பாத்தி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அது எத்தனை இடத்தில் இருக்கிறது என்று அடுத்துக் கேளுங்கள். இரண்டுக்கும் பதில் வராவிட்டால் அது விளம்பரம். விளம்பரம் செய்வதில் தப்பில்லை, அதைச் சோதனை என்று நாம் எடுத்துக்கொள்வதில்தான் தப்பு.

அரை மா நிலம், பன்னிரண்டு பாத்தி

சரி, செய்து பார்ப்போம். கேள்வியை முதலில் ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள்: "நான் வழக்கமாகப் போடுகிற கூடுதல் யூரியா எனக்கு நெல்லாக வருகிறதா, நோயாக வருகிறதா? மருந்து அடித்தால் கட்டுப்படியாகுமா?"

இதற்கு நான்கு வகைப் பாத்தி போதும். அ: பரிந்துரை அளவு யூரியா, மருந்து இல்லை. ஆ: பரிந்துரை அளவு யூரியா, மருந்து உண்டு. இ: கூடுதல் யூரியா, மருந்து இல்லை. ஈ: கூடுதல் யூரியா, மருந்து உண்டு. மூன்று தொகுதி என்றால் பன்னிரண்டு பாத்தி. பாத்திக்கு ஏழு மீட்டர் நீளம், ஏழு மீட்டர் அகலம். வரப்பு, வாய்க்கால் எல்லாம் சேர்த்து 17 சென்ட், அதாவது அரை மா நிலத்தில் அடங்கிவிடும்.

நெல் வயலில் உரச் சோதனைக்கு வரப்பு ரொம்ப முக்கியம். யூரியா தண்ணீரில் கரைந்து தண்ணீரோடு நடக்கும். பாத்திக்குப் பாத்தி தண்ணீர் வடிந்தால் 'இ'-க்குப் போட்ட உரத்தை 'அ' குடித்துவிடும். நல்ல அகலமான வரப்பு போட்டு, நடுவில் சிறு வாய்க்கால் விட்டு, ஒவ்வொரு பாத்திக்கும் தனி மடை வையுங்கள். சேற்று வரப்பில் நண்டு வளை இருக்கிறதா என்று உரம் போடும் முன் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அற்பமாகத் தோன்றும், ஆனால் சோதனையைக் கெடுப்பதில் நண்டுக்கு ஈடு இல்லை.

இப்போது அளவு. மண் பரிசோதனை இல்லாத பட்சத்தில் டெல்டா நெல்லுக்குச் சொல்லப்படும் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழை, மணி (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து 150:50:50 கிலோ. தழைச்சத்து 150 கிலோ என்றால் சதுர மீட்டருக்கு 15 கிராம். நம் பாத்தி 49 சதுர மீட்டர், ஆக 735 கிராம். யூரியாவில் 46 சதவீதம்தான் தழைச்சத்து என்பதால் 1.6 கிலோ யூரியா வேண்டும். அதை நான்காகப் பிரித்து, அடியுரமாகவும், தூர் கட்டும்போதும், கதிர் உருவாகும்போதும், கதிர் வெளிவரும்போதும் தவணைக்கு 400 கிராம் என்று போடலாம். கூடுதல் யூரியாப் பாத்திக்கு உங்கள் வழக்கம் எவ்வளவோ அவ்வளவு; கால் பங்கு அதிகம் என்றால் தவணைக்கு 500 கிராம். கையால் அள்ளிப் போடாமல் ஒவ்வொரு பாத்திக்கும் வீட்டுத் தராசில் நிறுத்துப் பொட்டலம் கட்டி, பொட்டலத்தின் மேல் பாத்தி எண் எழுதிக்கொண்டு இறங்குங்கள்.

மணிச்சத்தும் சாம்பல் சத்தும் பன்னிரண்டு பாத்திக்கும் ஒரே அளவு, ஒரே உரத்திலிருந்து. இங்கே வழுக்கிவிழும் இடம் ஒன்று உண்டு. சில பாத்திக்கு டிஏபி, சில பாத்திக்கு சூப்பர் பாஸ்பேட் என்று போட்டுவிட்டால், டிஏபி-யில் 18 சதவீதம் தழைச்சத்தும் கூடவே வந்துவிடும், சூப்பரில் கந்தகம் வந்துவிடும். அப்புறம் வித்தியாசம் எதனால் என்று சொல்லவே முடியாது. ஒரு சோதனையில் எதை மாற்றுகிறீர்களோ அது மட்டும்தான் மாற வேண்டும். டேங்கில் டானிக் கலக்காமல் இருப்பதும் இதே காரணத்தால்தான்.

மருந்து எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்து அடிக்க வேண்டும்

குலை நோய்க்கு நெடுநாளாக அடிக்கப்படும் மருந்து டிரைசைக்ளசோல். அது பூஞ்சாணத்தை நேரடியாகக் கொல்வதில்லை. இந்தப் பூஞ்சாணத்தின் வித்து இலையில் விழுந்து முளைத்ததும் குடை கவிழ்த்ததுபோல ஒரு செல்லை உண்டாக்கி இலையோடு ஒட்டிக்கொள்ளும். அந்தச் செல்லின் சுவரில் மெலனின் என்ற கருநிறப் பொருள் படிந்து கெட்டிப்படும். உள்ளே அழுத்தம் ஏறும், கார் டயரில் இருக்கிற காற்றழுத்தத்தைப்போல முப்பது மடங்குக்கும் மேல். அந்த அழுத்தத்தில்தான் ஊசிபோல ஒரு முளை இலையைத் துளைத்து உள்ளே போகிறது. டிரைசைக்ளசோல் அந்த மெலனின் உருவாவதைத் தடுத்துவிடும். சுவர் கெட்டிப்படாது, அழுத்தம் நிற்காது, துளைக்க முடியாது.

ஆக, உள்ளே நுழைந்துவிட்ட பூஞ்சாணத்தை இது ஒன்றும் செய்யாது. கழுத்துக் கறுத்த பிறகு அடித்தால் மருந்துக் காசும் கூலியும்தான் மிச்சமில்லாமல் போகும். கழுத்துக் குலைக்கு அடிக்க வேண்டிய நேரம் கதிர் தொண்டைக்குள் இருக்கும்போதும் வெளியே எட்டிப் பார்க்கும்போதும். சோதனையில் "மருந்து பலனில்லை" என்று வந்தால் உடனே மருந்தைக் குறை சொல்லிவிடாமல், நேரம் தவறியதா என்று குறிப்பைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அதற்காகவே தெளித்த நாள், பயிர் எந்தப் பருவத்தில் இருந்தது, அன்று மழை பெய்ததா என்பதையெல்லாம் எழுதி வைக்கச் சொல்கிறார்கள்.

75 சதவீத நனையும் தூளாக வருகிற டிரைசைக்ளசோலை லிட்டருக்கு 0.6 கிராம் கலப்பார்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் கலவை என்றால் நம் பாத்திக்கு 2.4 லிட்டர். அதற்கு ஒன்றரை கிராம் மருந்து; வீட்டுத் தராசு அதைக் காட்டாது. மருந்து அடிக்க வேண்டிய பாத்தி ஆறு. ஆறுக்கும் சேர்த்து 15 லிட்டர் தண்ணீரில் 9 கிராம் என்று ஒரே டேங்காகக் கலந்துகொண்டால் நிறுப்பதில் பிசகு குறையும். முன்னாலேயே வெறும் தண்ணீரை வைத்து ஒரு பாத்தியை அடித்துப் பார்த்து, எந்த நடையில் போனால் 2.4 லிட்டர் சரியாகத் தீர்கிறது என்று கால் பழக்கிக்கொள்ளுங்கள். அளவில் சந்தேகம் வந்தால் டப்பாவில் இருக்கும் சீட்டுத்தான் கடைசி வார்த்தை. முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை எல்லாம் பன்னிரண்டு பாத்திக்கும் வேண்டும், பன்னிரண்டு ஏக்கருக்கும் வேண்டும்.

காற்று அடிக்காத காலை நேரம் நல்லது. காற்றில் மருந்து பறந்து பக்கத்துப் பாத்தியில் படிந்தால் "அடிக்காத பாத்தி" என்பது பெயரளவில்தான். இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு தொல்லை உண்டு: அடிக்காத பாத்தியில் பெருகும் வித்துகள் அடித்த பாத்திக்குப் பறந்து வரும். முழு வயலுக்கும் மருந்து அடித்திருந்தால் வராத அளவு நோய், சிறு பாத்தியில் வரும். அதனால் சிறு பாத்திச் சோதனையில் மருந்து கொஞ்சம் மட்டமாகத் தெரிய வாய்ப்புண்டு. இதற்கு முழுத் தீர்வு இல்லை. பாத்தியைப் பெரிதாக்கலாம், அளப்பதை நடுவில் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எதை அளப்பது, எப்படி அளப்பது

"பயிர் நல்லா இருக்கு" என்பது அளவு இல்லை. கரும்பச்சையாக நிற்கிற பயிர்தான் நம் கண்ணுக்கு நல்ல பயிர். கூடுதல் யூரியா போட்ட பாத்தி கார்த்திகை முழுவதும் அழகாக இருக்கும், அறுப்பில்தான் வண்டவாளம் தெரியும்.

நோய்க்கு: ஒவ்வொரு பாத்தியிலும் நடுப்பகுதியில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துக் குத்துகளை (ஒரே இடத்தில் நட்ட நாற்றுக் கொத்துகளை) எடுத்து, மொத்தக் கதிர் எத்தனை, கழுத்துக் கறுத்தது எத்தனை என்று எண்ணி சதவீதம் போடுங்கள். எண்ணுகிறவருக்கு எந்தப் பாத்தியில் மருந்து அடித்தது என்று தெரியாமல் இருந்தால் ரொம்ப நல்லது. நீங்களே எண்ணினால் மருந்துப் பாத்தியில் அரைகுறையாகக் கறுத்த கதிரை "நல்லது" என்றும், மற்றதில் "போனது" என்றும் எழுதத் தோன்றும். காசு செலவழித்தவன் கண் அப்படித்தான் பார்க்கும். பிளஸ் டூ படிக்கிற பையனையோ பெண்ணையோ பாத்தி எண்ணை மட்டும் சொல்லி இறக்கிவிடுங்கள்.

விளைச்சலுக்கு: நான்கு ஓரத்திலும் ஒரு மீட்டர் விட்டுவிட்டு, நடுவில் ஐந்துக்கு ஐந்து மீட்டரை மட்டும் தனியாக அறுக்க வேண்டும். ஓரத்துப் பயிருக்கு வெயிலும் இடமும் அதிகம், அது தனிக் கணக்கு. இந்த 25 சதுர மீட்டரில் கிடைக்கிற கிலோவை 162-ஆல் பெருக்கினால் ஏக்கருக்குக் கிலோ. 15 கிலோ கிடைத்தால் 2,430 கிலோ, 60 கிலோ மூட்டையில் நாற்பது மூட்டை. ஈர நெல் கனக்கும் என்பதால் ஈரப்பதத்தையும் அளந்து 14 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். 100-லிருந்து ஈரப்பதத்தைக் கழித்து, 86-ஆல் வகுத்து, எடையால் பெருக்குங்கள். 20 சதவீத ஈரத்தில் 15 கிலோ என்பது உண்மையில் 14 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு கிலோ வித்தியாசம் என்றால் ஏக்கருக்கு இரண்டரை மூட்டைக்கும் மேல், மருந்தின் பலன் என்று நாம் தேடுகிற அளவே அவ்வளவுதான்.

ஒரே சராசரி, இரண்டு முடிவு

கணக்குக்காக ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். மருந்து அடித்த பாத்திக்கும் அடிக்காத பாத்திக்கும் உள்ள வித்தியாசத்தை நான்கு இடத்தில் அளந்தீர்கள். ஏக்கர் கணக்கில் 120, 190, 20, 160 கிலோ கூடுதல் என்று வந்தது. சராசரி சுமார் 122. இன்னொரு ஊரில் உங்கள் மச்சான் செய்தார். அவருக்கு 300, கழித்தல் 90, 250, 30. அவருக்கும் சராசரி 122-தான்.

உங்கள் முடிவை நம்பலாம், மச்சானுடையதை நம்ப முடியாது. உங்களுக்கு நான்கு இடத்திலும் கூடியிருக்கிறது, அளவு முன்னே பின்னே இருந்தாலும் திசை ஒன்று. அவருக்கு ஓரிடத்தில் குறைந்தே போயிருக்கிறது. அந்த வயலின் மேடுபள்ளமே மருந்தின் பலனைவிடப் பெரிதாக ஆடுகிறது. புள்ளியியலார் போடுகிற பெரிய கணக்கெல்லாம் இந்த ஒரு விஷயத்தைத்தான் எண்ணில் சொல்கிறது: சிகிச்சையால் வந்த வித்தியாசம், இடத்துக்கு இடம் தானாகவே வரும் வித்தியாசத்தைவிடப் பெரிதா? ஒரே ஒரு இடத்தில் செய்திருந்தால் மச்சான் 300 கிலோ என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பார்.

நம்பலாம் என்று ஆன பிறகு காசுக் கணக்கு. கிலோ 24 ரூபாய் என்று வைத்தால் 122 கிலோவுக்கு 2,928 ரூபாய். மருந்தும் தெளிப்புக் கூலியும் சேர்ந்து ஒரு முறைக்கு 1,200 என்றால் இரண்டு முறைக்கு 2,400. மிச்சம் 528 ரூபாய், அதுவும் நோய் வந்த வருடத்தில். பனி குறைந்து நோய் வராத வருடத்தில் அதே 2,400-ம் நட்டம். அதனால்தான் விளைச்சல் கூடியது என்பதும் லாபம் கூடியது என்பதும் வேறு வேறு.

இனி நான்கு வகைப் பாத்திக்கு வருவோம். உண்மையில் பார்க்க வேண்டியது ஒவ்வொரு யூரியா அளவிலும் மருந்து எவ்வளவு கூட்டியது என்பதை. 'ஆ'-வுக்கும் 'அ'-வுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லாமல், 'ஈ'-க்கும் 'இ'-க்கும் இடையில் மட்டும் நிறைய வித்தியாசம் இருந்தால் என்ன பொருள்? மருந்து வேலை செய்கிறதுதான். ஆனால் அது சரிசெய்வது நீங்களே கூடுதலாகப் போட்ட யூரியா செய்த கெடுதலை. அடுத்து, 'ஈ'-யையும் 'அ'-வையும் ஒப்பிடுங்கள். அதிக யூரியா, மருந்து இரண்டுக்கும் செலவழித்து 'ஈ' தருவது, இரண்டும் இல்லாத 'அ'-வை விட எவ்வளவு அதிகம்? அந்தச் செலவை அது தாங்குமா? பிபிடி 5204 மாதிரி, சந்தையில் நல்ல விலை போனாலும் குலை நோய்க்குச் சுலபமாக மடங்கிவிடுகிற ரகங்களைப் போடுகிறவர்கள் இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். உரத்தைத் தனியாகவும் மருந்தைத் தனியாகவும் சோதித்திருந்தால் இரண்டுமே "பலன் உண்டு" என்று வந்திருக்கும், நாமும் இரண்டையும் வாங்கிக்கொண்டே இருந்திருப்போம்.

மாறாக நான்குமே நோயில்லாமல் நின்று, 'இ' நன்றாக விளைந்திருந்தால் உங்கள் மண்ணுக்கு அந்தக் கூடுதல் யூரியா தேவைப்படுகிறது என்று ஆகலாம். அப்போது இலை வண்ண அட்டை (பச்சையின் அடர்த்தியை எண்ணிட்டுக் காட்டுகிற அட்டை) ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை இலையைப் பொருத்திப் பார்த்து, வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற எண்ணுக்குக் கீழே நிறம் இறங்கும்போது மட்டும் யூரியா போடுகிற முறையை ஐந்தாவது பாத்தியாகச் சேர்த்துப் பார்க்கலாம். தவணை நாளைப் பஞ்சாங்கம் பார்த்து முடிவு செய்வதைவிடப் பயிரைக் கேட்டு முடிவு செய்வது எனக்குச் சரியாகப் படுகிறது, ஆனால் அதையும் பாத்திதான் சொல்ல வேண்டும்.

இன்னும் சில

ஒரே மருந்தை வருடாவருடம் அடித்தால் பூஞ்சாணம் பழகிக்கொள்ளும். வேறு மருந்து என்று நினைத்து வேறு கம்பெனிப் பெயரில் அதே மருந்தை வாங்குவது அடிக்கடி நடக்கிறது. டப்பாவின் முன்பக்கப் பெயரைப் பார்க்காமல், சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பொருளின் பெயரைப் பாருங்கள். டெபுகோனசோல், புரோபிகோனசோல், ஹெக்சகோனசோல் மூன்றும் ஒரே குடும்பம். அசாக்ஸிஸ்ட்ரோபின், டிரைஃப்ளாக்ஸிஸ்ட்ரோபின் இன்னொரு குடும்பம். ஒரு குடும்பத்துக்குள்ளேயே மாற்றுவது மாற்றம் ஆகாது.

எச்சமும், அதாவது நெல்லில் தங்கிவிடுகிற மருந்தும், ஒரு கணக்கு. டிரைசைக்ளசோலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருந்த எச்ச வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது 2018 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தபோது, பஞ்சாப், அரியானா பாசுமதி விவசாயிகள் விளைச்சலைக் காப்பாற்றிய மருந்தாலேயே சந்தையை இழக்கும் நிலைக்கு வந்தார்கள். கடைசித் தெளிப்புக்கும் அறுப்புக்கும் இடையில் எத்தனை நாள் விட வேண்டும் என்று சீட்டில் போட்டிருப்பதைச் சோதனைப் பாத்தியிலும் மீறக் கூடாது, அந்த நெல்லையும் யாரோ சாப்பிடத்தான் போகிறார்கள்.

ஒரு பருவத்து முடிவை வைத்து முழு நிலத்தையும் மாற்றிவிடாதீர்கள். குலை நோய் வானிலையை நம்பி வாழ்வது. ஒரு சம்பாவில் வந்தது அடுத்ததில் வராது. குறைந்தது இரண்டு மூன்று சம்பா பார்க்க வேண்டும். அவ்வளவு பொறுமையும் நிலமும் ஒருவரிடம் இல்லை என்றால் ஊரோடு சேர்ந்து செய்யலாம். பன்னிரண்டு பாத்தி ஒருவர் போடுவதற்குப் பதில், நான்கு பேர் ஆளுக்கு நான்கு பாத்தி. ஒவ்வொருவர் வயலும் ஒரு தொகுதி. மண் வேறு, மடை வேறு, கை வேறு என்பதால், நான்கு வயலிலும் ஒரே திசையில் வருகிற முடிவு, ஒரே வயலில் வருவதைவிட அந்த ஊருக்கு அதிகம் பொருந்தும். ரகமும் நடவு வாரமும் ஒன்றாக இருக்க வேண்டும், மருந்து ஒரே டப்பாவிலிருந்து பிரித்துக்கொள்ள வேண்டும், நிறுப்பது ஒரே தராசில் இருக்க வேண்டும். மண் பரிசோதனைக்கும் பாத்தி வரைபடத்தைச் சரிபார்க்கவும் மாவட்டத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை நடவுக்கு முன்பே அணுகுங்கள். தை பிறந்து, கதிர் பழுத்த பிறகு போய் நின்றால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.